டொமைன் பெயரின் குடுமி யார் கையில்? நீங்களே கண்டுபிடிக்க ஒரு வழிகாட்டி

டொமைன் பெயர்களை, அதாவது இணையத் தளங்களின் முகவரிப் பெயர்களை, அரசு கட்டுப்படுத்த வேண்டுமா, இல்லை அந்தத் தொழில்துறையே தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ள விட்டுவிடலாமா என்று யாராவது கேட்டால், பதில் சொல்வதற்கு முன்னால் "எந்த டொமைன், எந்த விஷயத்தில்?" என்று திருப்பிக் கேளுங்கள். பாதிச் சண்டை அங்கேயே அடங்கிவிடும். இந்த விவாதம் எங்கே நடந்தாலும் எனக்குத் தெரிவது இரண்டு கட்சிதான்: அரசு என்றாலே தணிக்கை என்று ஒன்று, கம்பெனி என்றாலே கொள்ளை என்று இன்னொன்று. உங்கள் சொந்த டொமைனை நாளைக் காலை யாரால் நிறுத்த முடியும் என்று கேட்டுப் பாருங்கள், இரண்டு பேருமே விழிப்பார்கள்.

அதனால் கொள்கையிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். ஒரு பெயரை எடுத்துக்கொள்ளுங்கள், உங்களுடையதாக இருந்தால் நல்லது. அதை யார் கொடுத்தார்கள், யாரால் பிடுங்க முடியும், எந்தக் காகிதத்தின் பலத்தில், அநியாயமாகப் பிடுங்கினால் எங்கே போய் முறையிடுவது, இந்த நான்கையும் கண்டுபிடிப்பதுதான் வேலை. ஒரு மாலைப்பொழுது போதும்.

கடைசிப் புள்ளிக்கு அப்புறம் என்ன இருக்கிறது?

கடைசிப் புள்ளிக்கு அப்புறம் இரண்டே இரண்டு ஆங்கில எழுத்து இருந்தால் அது நாட்டு டொமைன். மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் பெரும்பாலும் பொது டொமைன் (டாட் கவ், டாட் மில் இரண்டும் அமெரிக்க அரசின் கையிலேயே இருக்கும் பழைய விதிவிலக்குகள்). இந்த வித்தியாசம் தெரியாமல் பேசுகிறவர்கள்தான் அதிகம், ஏனென்றால் டாட் ஐஓ, டாட் ஏஐ, டாட் டிவி எல்லாம் பார்க்கப் பொதுப் பெயர் போலவே இருக்கின்றன. டாட் ஏஐ அங்குய்லாவுடையது, டாட் டிவி துவாலுவுடையது, டாட் ஐஓ பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பகுதிக்கு ஒதுக்கப்பட்டது. பெயர் அழகாக இருக்கிறது என்று வாங்கும்போது ஒரு நாட்டின் சட்டத்தையும் சேர்த்துத்தான் வாங்குகிறீர்கள். லிபியாவின் டாட் எல்ஒய் முடிவில், அமெரிக்காவிலிருந்து சிலர் சுட்டிகளைச் சுருக்கும் தளம் ஒன்றை நடத்தினார்கள். அதன் உள்ளடக்கம் தங்கள் நாட்டின் மதச் சட்டத்துக்கு விரோதம் என்று சொல்லி 2010இல் அந்த நாட்டு ரிஜிஸ்ட்ரி (அந்த முடிவின் பதிவேட்டை நடத்தும் அமைப்பு) பெயரைப் பறித்துக்கொண்டது. தளத்தை நடத்தியவர்கள் லிபியாவை வரைபடத்தில்கூடப் பார்த்திருப்பார்களோ என்னவோ.

நாட்டு டொமைன் என்று தெரிந்ததும் ஐயானா என்ற அமைப்பின் தளத்தில் இருக்கும் ரூட் சோன் பட்டியலைத் (எந்த முடிவுக்கு யார் பொறுப்பு என்ற மூலப் பட்டியல்) திறந்து அந்த இரண்டெழுத்தைத் தேடுங்கள். யார் நிர்வாகி, எந்த முகவரி, எப்போது கொடுக்கப்பட்டது என்று ஒரே பக்கத்தில் இருக்கும். அங்கே இருக்கும் பெயர் அரசுத் துறையா, கம்பெனியா, சங்கமா என்று பாருங்கள். ஜெர்மனியின் டாட் டிஇ ஒரு கூட்டுறவுச் சங்கத்திடம் இருக்கிறது. பிரான்சின் டாட் எஃப்ஆர் ஒரு சங்கத்திடம் இருந்தாலும் அந்தச் சங்கத்தைத் தேர்ந்தெடுப்பது அரசு. பிரிட்டனின் டாட் யூகே நாமினெட் என்ற தனியார் நிறுவனத்திடம் இருக்கிறது. அதற்குப் பங்குதாரர்கள் கிடையாது, உறுப்பினர்கள்தான். 2021 மார்ச்சில் அந்த உறுப்பினர்கள் கூடி, நிர்வாகத்தின் போக்கு பிடிக்கவில்லை என்று ஐந்து இயக்குநர்களை ஓட்டுப் போட்டு வெளியே அனுப்பினார்கள். சுயகட்டுப்பாடு என்ற சொல்லுக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல சோதனை இல்லை: ஆளுகிறவரை வீட்டுக்கு அனுப்ப ஒரு வழி இருக்க வேண்டும், அந்த வழியை யாராவது ஒரு தடவையாவது பயன்படுத்தியிருக்க வேண்டும்.

எதிர்ப்பக்கம் டாட் இயூ. அது ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டத்தால் பிறந்தது, யார் வாங்கலாம் என்பதையும் சட்டமே சொல்கிறது. பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு வெளியேறியதும், பிரிட்டன் முகவரியில் பதிவாகியிருந்த டாட் இயூ பெயர்கள் 2021இன் தொடக்கத்தில் முடக்கப்பட்டன. யாரும் தப்பு செய்யவில்லை, பணம் பாக்கி வைக்கவில்லை. தகுதி போனது, பெயரும் போனது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் முதல்முறை ஒரு நாட்டு டொமைன் விஷயமாகப் புகார் எழுதியபோது நேராக ஐகேனுக்கு (பெயர் அமைப்பை உலக அளவில் ஒருங்கிணைக்கும் நிறுவனம்) அனுப்பினேன், உலகத்து டொமைன்களுக்கெல்லாம் அதுதான் தலைமையகம் என்ற நினைப்பில். எங்களுக்கு அதில் ஒப்பந்த அதிகாரம் இல்லை என்று பதில் வந்தது. என் தப்புதான். ஆரம்பக் காலத்தில் ஐயானா வேலையைக் கவனித்துவந்த ஜான் போஸ்டல் 1994இல் எழுதிய ஆர்.எஃப்.சி. 1591 என்ற இணைய ஆவணத்தை முன்பே படித்திருந்தால் இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும். நாட்டு டொமைன் நிர்வாகி அந்தச் சமூகத்துக்கு அறங்காவலர் போன்றவர், எது நாடு எது நாடில்லை என்று தீர்மானிப்பது ஐயானாவின் வேலை இல்லை, அதனால் ஐஎஸ்ஓ 3166 என்ற நாட்டுக் குறியீடுகளின் பட்டியலைப் பின்பற்றுகிறோம் என்று அதில் தெளிவாக இருக்கிறது. நாட்டு டொமைன் புகாரை அந்த நாட்டு ரிஜிஸ்ட்ரிக்கு எழுதுங்கள், அங்கே நடக்கவில்லை என்றால் அந்த நாட்டின் நீதிமன்றம்.

ஒப்பந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டே மேலே போங்கள்

பொது டொமைன் என்றால் கதை வேறு. நீங்கள் ரிஜிஸ்ட்ராரோடு (உங்களுக்குப் பெயரை விற்ற கம்பெனி) ஒப்பந்தம் போட்டிருக்கிறீர்கள், ரிஜிஸ்ட்ரார் ரிஜிஸ்ட்ரியோடும் ஐகேனோடும் போட்டிருக்கிறார், ரிஜிஸ்ட்ரி ஐகேனோடு. சுயகட்டுப்பாடு என்று இந்தத் துறையில் சொல்வது இந்தச் சங்கிலியைத்தான். அந்தச் சொல்லைக் கேட்டதும் ஆளாளுக்கு நல்லபிள்ளையாக நடந்துகொள்வார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கையெழுத்துப் போட்ட காகிதம் இருக்கிறது, மீறினால் ரிஜிஸ்ட்ராருடைய அங்கீகாரம் ரத்தாகும்.

ஐகேனின் தேடல் பக்கத்தில் உங்கள் பெயரைப் போட்டுப் பாருங்கள். பெயரின் பதிவு விவரத்தைக் காட்டும் இந்த ஏற்பாடு முன்பு ஹூயிஸ் என்று இருந்தது, இப்போது ஆர்.டி.ஏ.பி. ரிஜிஸ்ட்ரார் பெயர், தேதிகள் எல்லாம் வரும், அவற்றோடு "நிலை" என்று சில குறியீடுகளும் வரும். பலர் கண்டுகொள்வதில்லை, ஆனால் குடுமி யார் கையில் என்பதற்கான பதில் அங்கேதான் இருக்கிறது. "கிளையன்ட்" என்று ஆரம்பிப்பதெல்லாம் ரிஜிஸ்ட்ரார் போட்ட பூட்டு, "சர்வர்" என்று ஆரம்பிப்பதெல்லாம் ரிஜிஸ்ட்ரி போட்ட பூட்டு. தளம் திடீரென்று நின்றுபோய் "கிளையன்ட் ஹோல்டு" என்று காட்டினால் ரிஜிஸ்ட்ராரிடம் பேசுங்கள், பெரும்பாலும் பணம் கட்டாததோ, மின்னஞ்சலை உறுதி செய்யாததோ காரணமாக இருக்கும் (உறுதி செய்யச் சொல்லி வரும் மடலுக்கு 15 நாளுக்குள் பதில் போடவில்லை என்றால் நிறுத்தலாம் என்று ரிஜிஸ்ட்ரார்கள் ஐகேனோடு போட்ட 2013 ஒப்பந்தத்திலேயே இருக்கிறது, அந்த மடல் எப்போதும் குப்பை அஞ்சல் போலவே இருப்பதுதான் கொடுமை). "சர்வர் ஹோல்டு" என்றால் விஷயம் மேலிடத்தில். சில சமயம் அதன் பின்னால் நீதிமன்ற உத்தரவு இருக்கும். அப்போது ரிஜிஸ்ட்ராரின் உதவி எண்ணில் கத்திப் பயனில்லை, வக்கீலைப் பாருங்கள்.

அப்புறம், வாங்கும்போது நீங்கள் படிக்காமல் டிக் அடித்த ஒப்பந்தத்தைத் திறந்து யூ.டி.ஆர்.பி. என்ற சொல்லைத் தேடுங்கள். வணிகக்குறி வைத்திருப்பவர் உங்கள் பெயர் மீது புகார் கொடுத்தால் நீதிமன்றத்துக்கு வெளியே ஒரு நடுவர் தீர்ப்புச் சொல்லலாம் என்று நீங்கள் ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். புகார்தாரர் மூன்றையும் நிரூபிக்க வேண்டும்: பெயர் அவருடைய குறியோடு குழப்பும் அளவுக்கு ஒத்திருக்கிறது, உங்களுக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, கெட்ட எண்ணத்தோடு பதிவு செய்து பயன்படுத்தியும் வருகிறீர்கள். பதில் கொடுக்க உங்களுக்கு 20 நாள். தோற்றால் 10 வேலை நாளுக்குள் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, அதற்கான ஆதாரத்தை ரிஜிஸ்ட்ராருக்கு அனுப்பினால் பெயர் கைமாறாமல் நிற்கும். பதிலே போடாமல் இருப்பதுதான் மோசமான தவறு. 1999இல் வந்த இந்த முறையைத்தான் சுயகட்டுப்பாட்டின் பெரிய வெற்றியாகச் சொல்வார்கள். ஆனால் அதற்கு விதை போட்டது யார்? அமெரிக்க அரசு 1998 ஜூனில் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, அது கேட்டுக்கொண்டபடி பரிந்துரை கொடுத்தது உலக அறிவுசார் சொத்து அமைப்பு. அரசுகள் சேர்ந்து நடத்தும் அமைப்பு அது.

நீதிமன்றம் எந்த ஊரில் இருக்கிறது என்று பாருங்கள்

ஒப்பந்தம் எவ்வளவு உலகளாவியதாக இருந்தாலும் ரிஜிஸ்ட்ரியின் அலுவலகம் ஏதோ ஓர் ஊரில் இருந்தாக வேண்டும். டாட் காமை நடத்தும் வெரிசைன் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இருக்கிறது. 2012இல் போடாக் என்ற சூதாட்டத் தளத்தின் டாட் காம் பெயரை அமெரிக்க அதிகாரிகள் பறித்தார்கள், அது பதிவாகியிருந்தது ஒரு கனடா ரிஜிஸ்ட்ராரிடம். அவரிடம் போகவே இல்லை, உத்தரவை நேராக வெரிசைனிடம் கொடுத்தார்கள், முடிந்தது. அதற்கு முந்திய வருடம் ரோகாதிரெக்தா என்ற ஸ்பெயின் தளத்தின் பெயர்களையும் இப்படித்தான் எடுத்தார்கள். தளம் சட்டபூர்வமானது என்று ஸ்பெயின் நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்கியிருந்தவர்கள் அவர்கள், பெயர்களைத் திரும்பப் பெற ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆனது.

எனவே ரிஜிஸ்ட்ராரை அயல்நாட்டில் வைத்துக்கொண்டால் பாதுகாப்பு என்று யாராவது ஆலோசனை சொன்னால் நம்பாதீர்கள். ரிஜிஸ்ட்ரி எங்கே இருக்கிறதோ அந்த மண்ணின் சட்டம்தான் கடைசியில் எட்டிப் பிடிக்கும்.

ஐகேனுக்கும் இது பொருந்தும், அது கலிபோர்னியாவில் பதிவான லாப நோக்கற்ற நிறுவனம். 2019 நவம்பரில் டாட் ஆர்க்கை நடத்தும் பப்ளிக் இன்ட்ரஸ்ட் ரிஜிஸ்ட்ரியை 113.5 கோடி டாலருக்கு ஈத்தோஸ் கேப்பிட்டல் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு விற்கப்போவதாக அறிவிப்பு வந்தது. தொண்டு நிறுவனங்கள் கொதித்தன, ஐகேன் மாதக்கணக்கில் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தது. 2020 ஏப்ரல் நடுவில் கலிபோர்னியா மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல், இதை அனுமதிக்காதீர்கள் என்று கடிதம் எழுதினார். அதே மாதம் 30ஆம் தேதி ஐகேன் மறுத்துவிட்டது. இதைச் சுயகட்டுப்பாடு வென்ற கதை என்றும் சொல்கிறார்கள், அரசு காப்பாற்றிய கதை என்றும் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால், ஊர் சத்தம் போட்டதால் கடிதம் வந்தது, கடிதம் வந்ததால் முதுகெலும்பு வந்தது.

"அமெரிக்கா விட்டுக்கொடுத்துவிட்டது" என்றால் எதை என்று கேளுங்கள்

இந்த விவாதத்தில் 2016 அக்டோபர் 1 அடிக்கடி வரும். அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1998 ஜனவரி கடைசியில் ஜான் போஸ்டல், அந்த மூலப் பட்டியலை இணையத்துக்கு எடுத்துக்கொடுக்கும் ரூட் சர்வர்களில் எட்டை நடத்தியவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, இனிமேல் ரூட் தகவலை என் கணினியிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார், அவர்களும் மாறினார்கள். ஒரு தனிமனிதரின் வார்த்தைக்கு அவ்வளவு மதிப்பு இருந்த காலம். கிளிண்டன் அரசின் ஆலோசகர் ஐரா மகசைனர் தலையிட, சில நாளில் எல்லாம் பழையபடி திரும்பியது. போஸ்டல் அதை ஒரு சோதனை என்று சொன்னார். அதே வருடம் செப்டம்பர் 30இல் ஐகேன் பதிவானது, அக்டோபர் 16இல் போஸ்டல் இறந்துபோனார். அன்றிலிருந்து 2016 வரை ரூட் சோனில் எந்த மாற்றம் செய்தாலும் அமெரிக்க வணிகத் துறை பார்த்துச் சரி சொல்ல வேண்டும். 2016இல் விட்டது அந்த ஒப்புதல் முத்திரையை. வேறு எல்லாவற்றையும் விட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டு பேசுகிறவர்களிடம் டாட் காமின் விலையைப் பற்றிக் கேளுங்கள்.

அதுதான் எனக்கு மிகவும் பிடித்த முரண். தாராளச் சந்தையின் அடையாளமாக எல்லோரும் நினைக்கும் டாட் காமுக்கு ரிஜிஸ்ட்ரார்களிடம் வெரிசைன் வாங்கும் விலைக்கு அது அமெரிக்க அரசோடு போட்டிருக்கும் ஒப்பந்தம் உச்சவரம்பு வைக்கிறது: ஒவ்வொரு ஆறு வருடத்திலும் கடைசி நான்கு வருடங்களில் மட்டும், வருடத்துக்கு 7 சதவீதம் வரை ஏற்றலாம். 2024 செப்டம்பரில் அது 10.26 டாலர் ஆனது. லாப நோக்கற்றவர்களின் டாட் ஆர்க்குக்கு இருந்த உச்சவரம்பையோ ஐகேன் 2019இல் எடுத்துவிட்டது, பொதுமக்கள் கருத்துக் கேட்டபோது ஆயிரக்கணக்கானோர் வேண்டாம் என்று எழுதியும். எந்தக் கட்சிக்கு இதை ஆதாரமாகக் காட்டுவீர்கள்?

ஒரு யோசனையை எப்படி எடைபோடுவது

"அரசு இதைக் கையில் எடுக்க வேண்டும்" என்றோ "துறையே பார்த்துக்கொள்ளும்" என்றோ ஒரு யோசனை வந்தால் நான் முதலில் பார்ப்பது, பிரச்சினை குழாயிலா தண்ணீரிலா என்று. பெயர் அமைப்பு ஓடுவது குழாய் விஷயம். அங்கே பொறியாளர்களும் ஒப்பந்தமும் வேகமாக வேலை செய்வார்கள் என்பதற்கு 2003 நல்ல சாட்சி. அந்த செப்டம்பரில் வெரிசைன், இல்லாத டாட் காம் பெயரை யார் தட்டினாலும் தன் சொந்தத் தேடல் பக்கத்துக்குப் போகிற மாதிரி ஓர் ஏற்பாடு செய்தது. அனுப்புநரின் டொமைன் நிஜமா என்று பார்த்துக் குப்பை அஞ்சலைத் தடுத்த வடிகட்டிகள் குழம்பிப்போயின, ஏனென்றால் திடீரென்று எல்லாப் பெயரும் நிஜமாகிவிட்டன. பெயர் தேடும் சர்வர்கள் பலவற்றில் ஓடும் பைண்ட் மென்பொருளை எழுதுகிறவர்கள் சில நாளிலேயே மாற்றுவழி வெளியிட்டார்கள், ஐகேன் ஒப்பந்தத்தைக் காட்டி மிரட்டியது, அக்டோபர் 4ஆம் தேதி வெரிசைன் நிறுத்தியது. எந்த நாட்டு நாடாளுமன்றமும் மூன்று வாரத்தில் இதைச் செய்திருக்காது. பின்கதை அவ்வளவு இனிப்பில்லை: வெரிசைன் வழக்குப் போட்டது, சமாதானத்தோடு சேர்ந்து வந்த 2006 ஒப்பந்தத்தில் அதன் டாட் காம் உரிமை கிட்டத்தட்ட நிரந்தரமாக உறுதியானது.

தண்ணீர் விஷயம், அதாவது அந்தரங்கம், மோசடி, உள்ளடக்கம் என்று வரும்போது துறை தானாக நகராது. பெயரைப் பதிவு செய்தவரின் வீட்டு முகவரியை ஹூயிஸில் உலகமே பார்க்கலாமா என்று ஐகேனில் வருடக்கணக்கில் குழு மேல் குழு போட்டுப் பேசினார்கள். ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே 25இல் அமலுக்கு வர இருந்தது, மே 17இல் ஐகேன் தற்காலிக விதி போட்டு மறைத்தது. ஐகேனின் வருமானத்தில் பெரும்பகுதி ரிஜிஸ்ட்ரிகளும் ரிஜிஸ்ட்ரார்களும் கட்டும் கட்டணம் என்பதை இங்கே நினைவில் வையுங்கள், காவல்காரருக்குச் சம்பளம் கொடுப்பது கடைக்காரர்கள்தான்.

அடுத்துப் பார்க்க வேண்டியது, பெயரை நிறுத்தும் அதிகாரம் தண்டனையாக மாறுமா என்பது. 2022 பிப்ரவரி கடைசியில் உக்ரைன் அரசு, ரஷ்யாவின் டாட் ஆர்யூவை ரத்து செய்யுங்கள் என்று ஐகேனுக்கு எழுதியது. தண்டனை கொடுப்பது எங்கள் பணி இல்லை என்று இரண்டே நாளில் பதில் போனது. கேட்டவர்களின் வேதனை நியாயமானது, ஆனாலும் அந்தப் பதில் சரி என்றுதான் நினைக்கிறேன், அந்தக் கதவை ஒரு தடவை திறந்தால் அடுத்த கடிதம் யாரிடமிருந்து வரும் என்று சொல்ல முடியாது.

என் கட்சி எது என்று இந்நேரம் கேட்டிருப்பீர்கள். குழாயை ஒப்பந்தம் பார்த்துக்கொள்ளட்டும், முறையீட்டுக்குச் சட்டம் இருக்கட்டும். முறையீடு இல்லாத அதிகாரத்தை அரசு கேட்டாலும் கம்பெனி கேட்டாலும் நான் எதிர்ப்பக்கம்.

குரல் கொடுக்க

புகாராக இருந்தால் சரியான வாசலில் தட்டுங்கள். பொது டொமைன்களுக்கு 2024 ஏப்ரல் 5இல் இருந்து புது விதி: ஃபிஷிங் (ஏமாற்றித் தகவல் பிடுங்குவது), மால்வேர் (கெடுக்கும் மென்பொருள்), பாட்நெட் (கைப்பற்றிய கணினிகளின் கூட்டம்), ஃபார்மிங் (போலித் தளத்துக்குத் திருப்பிவிடுவது), இவற்றைப் பரப்பும் ஸ்பேம் என்ற ஐந்துக்கும், செயல்படுத்தத்தக்க ஆதாரம் கொடுத்தால் ரிஜிஸ்ட்ரார் நடவடிக்கை எடுத்தாக வேண்டும். முதலில் அவருக்கு எழுதுங்கள், முழு சுட்டி, படம், தேதி, நேரம் எல்லாம் வைத்து. அசையவில்லை என்றால் ஐகேனின் ஒப்பந்தப் பிரிவுக்கு. அவதூறு, பொய்ச்செய்தி போன்றவற்றை அங்கே கொண்டுபோகாதீர்கள், உள்ளடக்கத்தில் கை வைக்கக் கூடாது என்று ஐகேனின் துணைவிதியே தடுக்கிறது.

கொள்கையை மாற்ற வேண்டும் என்றால், அரசுகள் உட்காரும் இடம் ஐகேனுக்குள் இருக்கும் அரசுகளின் ஆலோசனைக் குழு. 180க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள், ஒரு மனதாக ஆலோசனை சொன்னால் அதை ஒதுக்க இயக்குநர் குழுவில் 60 சதவீத ஓட்டு வேண்டும். அமேசான் கம்பெனி 2012இல் கேட்ட டாட் அமேசான், நதிக்கரை நாடுகள் அந்தக் குழு வழியாகக் குறுக்கே நின்றதால் பல வருடம் இழுபட்டது. உங்கள் நாட்டின் பிரதிநிதி யார் என்று அந்தக் குழுவின் தளத்தில் இருக்கும். அவருக்கு எழுதி, அடுத்த கூட்டத்தில் என்ன நிலைப்பாடு, யாரைக் கேட்டு முடிவு செய்தீர்கள் என்று கேளுங்கள். அரசுத் தலையீடு வேண்டாம் என்பவர்களும் கேட்கலாம், உங்கள் பெயரைச் சொல்லித்தான் அவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார்.

இன்னொரு வழி ஐகேனின் பொதுக் கருத்துக் கேட்பு. வழக்கமாக 40 நாள் திறந்திருக்கும், யார் வேண்டுமானாலும் எழுதலாம். தனி ஆளாக எழுதத் தயக்கமாக இருந்தால் பயனர்களுக்கான அட்-லார்ஜ் குழுக்களில் சேருங்கள், கூட்டங்களுக்கு வீட்டிலிருந்தே இணையலாம். எழுதும்போது "இணையம் சுதந்திரமாக இருக்க வேண்டும்" என்று ஆரம்பிக்காதீர்கள், அப்படி ஆயிரம் மடல் வந்திருக்கும், எல்லாம் சேர்ந்து தொகுப்பறிக்கையில் ஒரே வரியாகிவிடும், டாட் ஆர்க் விலை விஷயத்தில் நடந்தது கிட்டத்தட்ட அதுதான். பரிந்துரையின் எண்ணைக் குறிப்பிடுங்கள், எந்த வாக்கியம் யாருக்கு என்ன செய்யும் என்று சொல்லுங்கள், அதற்குப் பதிலாக எந்த வாக்கியம் இருக்க வேண்டும் என்று நீங்களே எழுதிக் கொடுங்கள். ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம்.